களைக்குத் தண்ணீர் பாய்ச்சிய இருபது நாள்

கண்ணுகளா, பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவில் ஹெட்மாஸ்டர் எனக்குத் துண்டு போர்த்தினாரே, அப்போது ஏன் அவர் சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டார் என்று இரண்டு பேரும் வீடு வந்து சேரும் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். "வெளி வகுப்பு அமைவதற்கு அயராது உழைத்தவர்" என்று மைக்கில் சொன்னார். உழைத்தது உண்மைதான். முதல் நாள் எதற்கு உழைத்தேன் என்பதை மட்டும் அவர் மைக்கில் சொல்லவில்லை. அம்மிணி, உனக்குப் பாதி தெரியும். தம்பிக்கு அப்போது இரண்டாம் வகுப்பு, அதிலும் பாதிதான் ஞாபகம் இருக்கும். அதனால் முழுசையும் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் மார்க் போட்டு என்னிடம் கொடுக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், சமையல்கட்டுச் சுவரிலிருந்து வாய்க்கால் கரை வரைக்கும் அரை ஏக்கர் இடம் சும்மா கிடந்தது. இரண்டு வேப்பமரம், ஒரு புங்கன், மற்றபடி இடுப்பளவுக்குச் செடியும் கொடியும். மத்தியானத்துக்கு மேல் ஷீட் போட்ட வகுப்பறை அடுப்பு மாதிரி கொதிக்கும் என்பதால் நாலாம் வகுப்பு டீச்சர் உங்களை அந்த வேம்படிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். கணக்கு, தமிழ், எல்லாம் அங்கேதான். மழை வந்தால் புத்தகத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓடி வருவீர்கள். சில நாள் பால் சொசைட்டி மாமாவின் எருமையும் வந்து பாடம் கேட்கும்.

அந்த வருஷம் பஞ்சாயத்தில் ஒரு திட்டம் வந்தது. பிள்ளைகள் மரத்தடியில், மண்ணோடும் செடியோடும் உட்கார்ந்து படிக்க இடம் அமைத்துக்கொள்ள அரசாங்கமே பணம் தரும். கல்பெஞ்சு, மழைக்கு ஒதுங்க ஓட்டுக் கூரை, மாடு நுழையாமல் கம்பிவேலி. மூன்று பள்ளிக்கூடங்கள் கேட்டிருந்தன, பணம் ஒன்றுக்குத்தான். மற்ற இரண்டு பேரும் பூச்செடி நடுவோம், புல்தரை போடுவோம் என்று எழுதினார்கள். நம் டீச்சர் வேறு மாதிரி எழுதினார். எங்களிடம் தோட்டம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் நடாமல் தானாக வளர்ந்தது, எங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு செடியும் பெயரோடு தெரியும், உட்கார ஒரு பெஞ்சும் நனையாமல் ஒரு கூரையும் கொடுத்தால் போதும் என்று.

அதற்குச் சாட்சியாக நீங்கள் நாலாம் வகுப்பு முழுக்கச் சேர்ந்து ஒரு பட்டியலும் படமும் தயாரித்தீர்கள். முப்பத்தேழு செடி. எது எந்த மரத்துக்குக் கிழக்கே, எதில் எந்தப் பூச்சி உட்காரும், எல்லாம் வரைந்திருந்தீர்கள். அம்மிணி, நீ விஷ்ணுகிரந்திப் பூவுக்கு மட்டும் மூன்று முறை நீலம் அடித்து, "சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்குது, ஆனா நெறம் சரியா வர மாட்டேங்குது" என்று ராத்திரிச் சோறு ஆறும்வரை உட்கார்ந்திருந்தாய்.

நான் அப்போது பெற்றோர் சங்கத்தில் உபதலைவர். விண்ணப்பத்தில் எனக்கும் ஒரு கையெழுத்து உண்டு. நம் ஊர் கேரள எல்லைக்குள் இருப்பதால் அது மலையாளத்தில் இருந்தது. மலையாளம் நான் தண்ணீர் மாதிரிப் பேசுவேன், படிக்கச் சொன்னால் உழுத சேற்றில் நடக்கிற மாதிரி. படிக்காமலே போட்டுவிட்டேன். மரத்தடிக்குப் பெஞ்சு கேட்கிறார்கள் என்று மட்டும்தான் எனக்குப் புரிந்திருந்தது.

பூஜை லீவு வந்தது. நீங்கள் இரண்டு பேரும் அம்மாவோடு பொள்ளாச்சிப் பக்கம் அவளைப் பெத்த அம்மாயி ஊட்டுக்குப் போய்விட்டீர்கள். ஹெட்மாஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

"ஏனுங்க, வெள்ளிக்கிழமை காலையில பஞ்சாயத்துல இருந்து எஞ்சினியரு வர்றாங்க. நம்ம பேருதான் முதல்ல இருக்குதாமா. எடத்தப் பாத்து எழுதிட்டுப் போனாங்கன்னா பணம் நமக்குத்தான். அந்தப் பிளாஸ்டிக் பேப்பரெல்லாம் கெடக்குது பாருங்க, அத மட்டும் பொறுக்கிப் போட்டுருங்க."

வியாழக்கிழமை நானும் பால் சொசைட்டி மாமாவும் டில்லர் வைத்திருக்கிற மாமாவும் போனோம். பொறுக்குகிற வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. முடிந்த பிறகு மூன்று பேரும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றோம். அங்கேதான் தப்பு நடந்தது.

பால் சொசைட்டி மாமா ஒரு நாயுருவியைக் காலால் தள்ளிப் பார்த்தார். "ஏம் மாப்ளே, ஊரே வெவசாயம் பண்ற ஊரு. இதப் பாத்தா அந்தம்மா நம்மளப் பத்தி என்ன நெனைக்கும்?"

"அதானே," என்றார் டில்லர் மாமா. "ஊட்டுக்கு ஒரம்பரை சனம் வர்றப்ப வாசலக் கூட்டாம விட்டாப்பல இருக்குது."

கண்ணுகளா, நம் ஊரில் ஒருவன் கடன் வாங்கலாம், பொய் சொல்லலாம், தேர்தலில் தோற்கலாம். அவன் காட்டில் களை நின்றால் மட்டும் தலை நிமிர முடியாது. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கூட ஜன்னல் வழியாகப் பார்த்து, "யாருதுப்பா இது?" என்று கேட்டுவிட்டுப் போவார். அப்படிப்பட்ட ஊரில் ஆபீசர் வருகிற இடத்தில் இடுப்பளவு களை. எங்கள் மூன்று பேருக்கும் கை பரபரத்துவிட்டது. யாரும் யாரையும் கேட்கவில்லை. டில்லர் மாமா போய் டில்லரைக் கொண்டுவந்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் அரை ஏக்கரும் முடிந்தது. மூலை முடுக்கை நான் மண்வெட்டியால் கொத்தினேன். பிடுங்கியதையெல்லாம் வாரி வாய்க்கால் கரையில் போட்டோம், மிச்சத்தை எருமை பார்த்துக்கொண்டது. பிறகு உழவுச் சால் நேராக இல்லை என்று டில்லர் மாமா இன்னொரு முறை ஓட்டினார். செம்மண் அப்படியே புட்டு மாதிரி கிடந்தது. நான் போட்டோ எடுத்து ஹெட்மாஸ்டருக்கு அனுப்பினேன். அவர் சொந்த ஊரில் கோயிலில் இருந்தார், போனைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே சாமி வந்திருக்கும்.

நீங்கள் அன்றைக்குக் கடைசி பஸ்ஸில் வந்து அப்படியே தூங்கிவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உங்களுக்கு முன்னால் போய் நின்றேன். சந்தோஷப்படுவீர்கள் என்று நின்றேன்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகப் பின்பக்கம் வந்தீர்கள். ஒவ்வொரு கையிலும் ஐஸ் குச்சியில் ஒட்டிய அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெயர். குப்பைமேனி. கீழாநெல்லி. துத்தி. மூக்கிரட்டை. ஒவ்வொன்றையும் அதனதன் செடிக்குப் பக்கத்தில் குத்தி வைத்து ஆபீசருக்குக் காட்ட வேண்டும் என்று டீச்சர் சொல்லி, லீவுக்கு முன்பே எழுதித் தயாராக வைத்திருந்திருக்கிறீர்கள். எனக்கு அது தெரியாது. அம்மிணி, நீ விஷ்ணுகிரந்தி அட்டையோடு புங்கனுக்குக் கிழக்கே போனாய். குனிந்து பார்த்தாய். நாலு பக்கமும் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"அப்பா, இங்க இருந்ததெல்லாம் எங்கீங்க?"

நீ அழுதிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. எல்லாப் பிள்ளைகளும் அட்டையைப் பிடித்துக்கொண்டு உழுத மண்ணில் நின்றீர்கள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். ஹெட்மாஸ்டர் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். "யாருங்க... யாருங்க இது..." என்பதற்கு மேல் அவருக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் சத்தம். டில்லர் மாமா, "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும், சித்த வந்தர்றேன்," என்று வாய்க்கால் பக்கம் இறங்கினார். அவரிடம் மாடே கிடையாது.

எஞ்சினியரம்மா கையில் பட்டியலோடு வந்தார். நிலத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி நிலத்தைப் பார்த்தார்.

"இதெந்தா மாஷே? கப்ப நடான் போகுகயாணோ?"

மரவள்ளி நடப் போகிறீர்களா என்று கேட்கிறார். ஹெட்மாஸ்டர் வேப்பமரத்தைப் பார்த்தார். பால் சொசைட்டி மாமா ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். நான் முன்னால் போனேன்.

"நாந்தானுங்க மேடம் உழுதேன்."

"எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் பேசினார். "சேட்டா, இந்த லிஸ்டைப் பாத்துத்தான் உங்க ஸ்கூலை முதல்ல வெச்சோம். முப்பத்தேழு செடி இருக்குன்னு எழுதியிருக்கு. இங்க ஒண்ணுகூட இல்ல. நான் என்னன்னு எழுதறது? இல்லன்னு எழுதினா பணம் அடுத்த ஸ்கூலுக்குப் போயிடும்."

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அட்டையை இன்னும் கீழே போடாமல் பிடித்திருந்தாய். எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது.

"மேடம், ஒரு இருபது நாள் குடுங்க. அத்தனையும் வந்துருமுங்க."

"எங்கிருந்து வரும்?"

"இந்த மண்ணுக்குள்ளயேதானுங்க இருக்குது. இருபத்தஞ்சு வருசமா இதுகளோட மல்லுக்கட்டறனுங்க. ஒருக்கா உழுதா ஒழிஞ்சு போயிரும்னா நாங்க எதுக்குங்க வருசத்துக்கு நாலு தடவை களையெடுக்கறோம்?"

அவர் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். இந்த மாதக் கடைசிக்குள் அறிக்கை வைக்க வேண்டும், கடைசி வேலை நாளன்று வருகிறேன் என்றார். ஜீப்பில் ஏறும்போது விரலைக் காட்டி, "வேற எங்கிருந்தாவது பிடுங்கி வந்து நட்டு வெச்சா எனக்குத் தெரியும், கேட்டோ. தானா வளர்ந்ததுன்னு எழுதியிருக்கீங்க," என்றார். ஜீப் போனபிறகு திரும்பி வந்த டில்லர் மாமா, குப்பைமேனி விற்கிற நர்சரி எங்கே இருக்கிறது என்று விசாரித்தார். ஹெட்மாஸ்டர் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

மண்ணுக்குள் விதை இருக்கிறது, சரி. முளைக்க மழை வேண்டுமே. ஐப்பசி மழை அந்த வருஷம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டது. நம் கிணற்றிலிருந்து ஓஸ் இழுத்து, ரோட்டுக்கு அடியில் போகிற குழாய் வழியாக விட்டு, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் வரைக்கும் கொண்டுபோனேன். காலையில் ஒரு மணி நேரம், பொழுதோட ஒரு மணி நேரம். உங்கள் அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, நம்ம கடலைக்காடு அங்க தண்ணிக்கு வாயப் பொளந்துட்டுக் கெடக்குது. அதுல களையெடுக்க ஆள் வேற சொல்லியிருக்குது. நீங்க இங்க களைக்குத் தண்ணி உடறீங்க."

"அதுக்கும் விடறேன்."

"மொதல்ல எதுக்கு?"

நான் ஓஸை ரோட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். மொதல்ல இதற்குத்தான் விட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

ஊருக்குச் சும்மா இருக்க முடியுமா? ரோட்டில் போகிற ஒவ்வொருவரும் வண்டியை நிறுத்தினார்கள். "மாப்ளே, யூரியா எப்ப வெக்கறீங்க?" என்று ஒருவர். "நெருஞ்சி என்ன வெலைக்குப் போகுதுங்க?" என்று இன்னொருவர். டீக்கடையில் எனக்கு முன்னாலேயே, இந்த வருஷம் களை நல்ல விளைச்சல் என்று பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது, எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் களை முளைக்கவில்லையே என்று கவலைப்பட்டேன்.

தம்பி தினம் காலையில் போய்க் குப்புறப் படுத்துப் பார்த்துவிட்டு வந்து, "அப்பா, ஒண்ணும் காணமுங்க," என்பான். நாலாம் நாள் கோரை எட்டிப் பார்த்தது. கோரைக்கு டில்லர் ஓட்டுவது விருந்து வைப்பது மாதிரி, ஒன்று இருந்த இடத்தில் பத்து வரும். ஆறாம் நாள் வெட்டுப்பட்ட எருக்கு வேரிலிருந்து கிளம்பியது. எட்டாம் நாள் காலையில் தம்பி ரோட்டைத் தாண்டிக் கத்திக்கொண்டே வந்தான். நான் போய்ப் பார்த்தேன். செம்மண் முழுக்கப் பச்சைப் புள்ளி.

அதற்குள் இன்னொரு சிக்கல். நீங்கள் எல்லாரும் அட்டைகளோடு வந்து குனிந்தீர்கள், ஒருவருக்கும் எது எது என்று தெரியவில்லை. இடுப்பளவு வளர்ந்ததைத்தானே படம் வரைந்தீர்கள். இது ஆளுக்கு இரண்டே இலை. டீச்சரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார், "எனக்கே எல்லாம் ஒண்ணாட்டம் தெரியுதே," என்றார்.

நான் ஓஸைக் கீழே வைத்தேன். "இது சாரணை. தண்டு செவப்பா இருக்குது பாருங்க. இது துத்தி. இது நாயுருவி. அங்க இருக்கறது நெருஞ்சி, மிதிச்சராதே."

"அப்பா, உங்களுக்கு எப்படீங்க தெரியும்?" என்று கேட்டாய்.

டீச்சர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த இரண்டிலைப் பருவத்தில்தானே நாங்கள் கொத்தி எடுப்போம். இத்தனை வருஷமாக இவற்றை இந்த வயதில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதை அப்படியே சொன்னேன். பால் சொசைட்டி மாமாவின் மகள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நெருஞ்சிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். வளர்ந்தால் இதில் என்ன பூ வரும், எது வந்து முட்டையிடும் என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். தும்பைக்கு இத்தனை எறும்பு வரும் என்று எனக்குத் தெரியாது. பூக்கிற வரைக்கும் நான் விட்டதில்லையே.

மாதக் கடைசி வந்தது. எஞ்சினியரம்மா வந்தபோது செடிகள் சாண் உயரம்கூட இல்லை, அட்டைகள்தான் உயரமாக நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் அட்டைத் தோட்டம். முப்பத்தொரு அட்டை மண்ணில். எருக்கந் தளிரில் கறுப்பும் மஞ்சளும் கலந்த புழு ஒன்று, யாரும் அழைக்காமல் வந்து சேர்ந்திருந்தது. மிச்சம் ஆறு அட்டை உன் கையில் இருந்தன.

ஹெட்மாஸ்டர் உன் காதோரம் குனிந்தார். "அம்மிணி, அதையும் எங்காச்சும் புல்லுக்குள்ள குத்தி வெச்சிரு. அவங்க என்ன, எண்ணியா பாக்கப் போறாங்க?"

நீ மெதுவாகப் பேசக் கற்றுக்கொள்ளவே இல்லை. "இல்லாததுக்கு எப்படீங்க சார் பேரு வெக்கறது?" என்றாய். வாய்க்கால் கரை வரைக்கும் கேட்டது.

எஞ்சினியரம்மா திரும்பினார். ஆறு குறைகிறது என்று எழுதினால் முடிந்தது கதை. அவர் உன் பக்கத்தில் வந்து ஆறு அட்டைகளையும் ஒவ்வொன்றாக வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு முப்பத்தொன்றையும் நடந்து நடந்து பார்த்தார், குனிந்து குனிந்து எண்ணினார். எண்ணத்தான் செய்தார், மாஸ்டரே! கடைசியில் பேனாவை எடுத்துப் பட்டியலில் முப்பத்தேழை அடித்து முப்பத்தொன்று என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"இது போதும். இனி இங்க யாரும் உழாம பாத்துக்கோங்க சேட்டா."

"சத்தியமா உழ மாட்டனுங்க."

அவர் ஜீப்புக்குப் போகும் வழியில் சிரிக்க ஆரம்பித்தவர், ரோடு திரும்புகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே போனார்.

பணம் வந்தது. தை மாதம் வேலை தொடங்கியது. கல்பெஞ்சு இறக்க வந்த கொத்தனார், "ஏனுங்க, இந்தப் புல்லெல்லாம் செத்தி எடுத்துட்டா வேலை சுளுவா இருக்குமுங்க," என்று மண்வெட்டியைத் தூக்கினார். பால் சொசைட்டி மாமா, டில்லர் மாமா, நான், மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்திய கத்தலில் அவர் மண்வெட்டியைக் காலில் போட்டுக்கொண்டார். நல்ல வேளை, அடி படவில்லை. வேலை முடிந்து முதல் மழை பெய்த மத்தியானம், நீங்கள் ஓட்டுக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து சத்தமாக வாய்ப்பாடு சொன்னீர்கள். ஒருவரும் எழுந்து ஓடவில்லை. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஹெட்மாஸ்டர் சிரித்த காரணம் இவ்வளவுதான்.

இனி எழுதப்போவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அந்த ஆறு அட்டைகளையும் நீ பிஸ்கெட் டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேல் வைத்திருந்தாய். அடுத்த மழைக்கு இரண்டு வந்தன, அதற்கடுத்து இன்னும் மூன்று. அந்த ஐந்து அட்டைகளும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டன. விஷ்ணுகிரந்தி மட்டும் வரவே இல்லை. புங்கனுக்குக் கிழக்கே நீ எத்தனை முறை குனிந்து பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

ஆண்டுவிழா முடிந்து மூன்றாம் நாள், நான் தனியாகக் கடலைக்காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தேன். வடக்கு வரப்போரம் கை ஓங்கியபோது நீலமாக ஏதோ தெரிந்தது. சட்டைப் பொத்தான் அளவு. கையிலிருந்த களைக்கொத்து அப்படியே நின்றது. பிடுங்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் நட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. நட்டால் எஞ்சினியரம்மாவுக்குத் தெரிகிறதோ இல்லையோ, உனக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுக்கு நடந்துபோனேன். அலமாரி மேலிருந்து டப்பாவை இறக்கி அட்டையை எடுத்தேன். எழுத்து கொஞ்சம் மங்கியிருந்தது, படிக்க முடிந்தது. திரும்பி வந்து அந்தச் செடிக்குப் பக்கத்தில் குத்தி வைத்தேன். காற்றுக்குச் சாயாமல் அடியில் ஒரு கல்லை அணைத்து வைத்துவிட்டு, அதைச் சுற்றி ஒரு முழம் விட்டு, மீதி வரப்பைக் கொத்தத் தொடங்கினேன்.